பித்தளை மூடி

குனோங் ராபாட், ஈப்போ
3 பெப்ரவரி 1927

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். யாரிடம் வேண்டுகிறாய் என்று கேட்கத் தோன்றும். கேட்டு எழுதினாலும் சந்தோஷமே. பதில் என்று ஒன்று வந்ததாக இருக்கும். அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் உங்களைப் பார்த்ததுதான். அன்றைக்கே மாலை ரயிலில் போய்விட்டீர்கள். விலாசத்தை மாதா கோயில் உபதேசியாரிடம் கேட்டு வாங்கினேன்.

அப்பாவின் மோட்டார் வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு எதையும் பற்றி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இவருக்கு இப்போது கோப்பெங் சாலையில் மூன்று தோட்டங்களுக்கு டிரசர் வேலை. காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா கொடுப்பது, புண் கட்டுவது, பிரசவம் கஷ்டமானால் வண்டியில் ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது. வண்டி இல்லாமல் இந்த வேலை இல்லை. கிறிஸ்மஸ் சமயத்திலிருந்து வண்டி வழியில் நின்று நின்று போகிறது. வீட்டில் ஒரே சுற்றில் கிளம்பிவிடும். சிம்பாங் பூலாய் தாண்டியதும் மூச்சு வாங்கும், இழுக்கும், பிறகு நின்றுவிடும். கொஞ்ச நேரம் காத்திருந்து ஹேண்டிலைச் சுற்றினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மறுபடி சில மைலில் அதே கதை.

டவுன் பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தார்கள். அன்று வீடு வரை ஓடியது. மறுநாள் கோப்பெங் போகுமுன் நின்றது. இவர், "பழசு பழசுதான். கிழவி மாதிரி, கொஞ்ச தூரம் நடந்தால் குந்துது" என்கிறார். மாமிக்கு அதைக் கேட்டுக் கோபம். மாமி என்றால் இவருடைய தாயார் செல்லாச்சி. தீபாவளி கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறார். "கிழவியெண்டால் என்ன குறைச்சல்? நான் உன்ரை சந்தைக்கு நடந்து போய் வரேல்லையே?" என்று கேட்டார். வண்டி மேல் மாமிக்கு மிகுந்த பிரியம். வெள்ளிக்கிழமைகளில் சாமிக்கு அரைத்த சந்தனத்தில் ஒரு பொட்டு வண்டிக்கும் உண்டு.

கமுந்திங்கிலிருந்து ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பின்பாதியை அறுத்துச் சாமான் லாரியாக்கப் போகிறாராம். மார்ச் நடுவில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நீங்கள் ஹேண்டில் சுற்ற, நான் முன்னால் உட்கார்ந்து சாவியைப் பிடித்த வண்டி. அதை அறுக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. என்ன கோளாறு என்று நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
ரோசரி


இயேசு மரி சூசை

தெலுக் ஆன்சன்
10 பெப்ரவரி 1927

ரோசரிக்கு,

கடிதம் கிடைத்தது. உச்சியில் ஒன்றும் எழுதாமல் ஆரம்பித்திருக்கிறாய். நம் வீட்டில் மண்ணெண்ணெய்க் கடைக்குக் கொடுக்கும் சீட்டில்கூட இந்த மூன்று பெயரை எழுதிய பிறகுதான் மற்றது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

வண்டிக்கு வருகிறேன். நிற்கும் வண்டியைப் பார்த்ததும் கார்புரேட்டரைக் கழற்றுவது பட்டறைக்காரர்களின் பழக்கம். பெட்ரோல் எண்ணெய் அதிகமாகி நிற்கிறதா, குறைந்து நிற்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். கீழே எழுதியதைப் பார்த்துப் பதில் போடு.

நிற்குமுன் பின்குழாயில் கறுப்புப் புகை வருகிறதா? அல்லது முன்னால் கார்புரேட்டர் வாயில் இருமல்போலப் படபடவென்று வெடிக்கிறதா? புகை என்றால் எண்ணெய் கூடுதல். இருமல் என்றால் போதவில்லை.

கூடுதல் என்றால் மிதவையைப் பார். அது தக்கையில் செய்தது. மேலே பூசிய அரக்கு உரிந்துவிட்டால் தக்கை எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போகும், மிதக்காது. கழற்றி, ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிப் போட்டுப் பார். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

தகரத்திலிருந்து ஊற்றும்போது மான்தோலில் வடிகட்டுகிறீர்களா? இந்த மழைக்குத் தகரத்தில் தண்ணீர் இருக்கும்.

வண்டி நின்றவுடன், வேறு எதையும் தொடாமல், தொட்டியிலிருந்து வரும் குழாயைக் கார்புரேட்டர் பக்கத்தில் கழற்று. எண்ணெய் கொட்டுகிறதா, சொட்டுகிறதா என்று பார். உன் வீட்டுக்காரர் வண்டி நின்றதும் முதலில் என்ன செய்கிறார் என்றும் எழுது. எல்லாவற்றையும் எழுது, எதையும் நீயாகத் தள்ளிவிடாதே.

நீ அந்தச் சைவ வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, அப்பா வண்டியையும் உங்களுக்கே கொடுத்தபோது, அந்த வண்டியிலும் அந்த வீட்டிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். அது அப்படியே இருக்கிறது. ஆனால் அறுத்து லாரியாக்குவது அக்கிரமம்.

ஸ்டானிஸ்லாஸ்


குனோங் ராபாட், ஈப்போ
18 பெப்ரவரி 1927

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தின் உச்சியும் வெறுமையாகத்தான் இருக்கிறது. மறந்து விட்டதல்ல. இந்த வீட்டில் எல்லோரும் சிவமயம் என்று எழுதித் தொடங்குவார்கள். என்னை எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எனக்கும் அது வரவில்லை. நம்முடையதை எழுதப் பேனாவை வைத்தால், இந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறோமே என்று கை நின்றுவிடுகிறது. பொய்யாக ஒன்றை எழுதுவதைவிட வெறுமையாக விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன். இவரே வண்டியில் கொண்டுபோய் விட்டு வெளியே காத்திருப்பார். உபதேசியாரைக் கேட்டுப் பாருங்கள்.

இனி வண்டி. கறுப்புப் புகை இல்லை. இருமல்தான். மிதவையை நானே கழற்றினேன். என் விரல்தான் உள்ளே போகும் என்று சின்ன வயதில் நீங்கள் என்னை அந்த வேலைக்கு இழுத்தது நினைவிருக்கிறதா? விரல் இப்போது தடித்துவிட்டது, ஆனாலும் போனது. தக்கை கிண்ணத்தில் அழகாக மிதந்தது. அரக்கு நீங்கள் பூசியபடியே இருக்கிறது, ஒரு ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் ரேகையோடு. மான்தோல் வைத்துத்தான் ஊற்றுகிறோம். தண்ணீர் இல்லை.

நின்றவுடன் குழாயைக் கழற்றினேன். ஒரு சொட்டு, பிறகு சும்மா, பிறகு ஒரு சொட்டு. தொட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது.

இவர் வண்டி நின்றதும் முதலில் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து, குச்சியை விட்டு எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மூடிவிட்டு, கார்புரேட்டரைச் சாவியால் இரண்டு தட்டு தட்டுவார். வண்டி கிளம்பிவிடும். தட்டினதால்தான் கிளம்புகிறது என்று அவருக்கு நிச்சயம்.

இன்னொன்று. எல்லாவற்றையும் எழுதச் சொன்னீர்களே. தொட்டி நிறைய ஊற்றிய நாளில்தான் சீக்கிரமாக நிற்கிறது. குறைந்த எண்ணெயில் அதிக தூரம் ஓடுகிறது. பட்டறையில் இதைச் சொன்னேன். சிரித்தார்கள்.

போன திங்கட்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வீரம்மா என்ற பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, இவர் ஏற்றிக்கொண்டு வந்தார். துணைக்கு நானும் போயிருந்தேன். பாதி வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவில், வண்டி நின்றுவிட்டது. நல்ல மழை. இவர் மழையில் இறங்கிக் குச்சியைத் தேடுகிறார். வலியில் என் கையை நெரித்துக்கொண்டிருந்த வீரம்மா, வலி விட்ட இடைவெளியில், "டிரசரய்யா, நான் வேணா எறங்கித் தள்ளட்டா?" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய கொஞ்ச நேரத்தில் ஆண் குழந்தை. இருவரும் சுகம். ஆனால் இவர் அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை கமுந்திங்காரருக்குச் சம்மதம் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். "ஒரு சீவன் போயிருந்தால் ஆர் பதில் சொல்லுறது, ரோசரி?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொல்வேன்? அப்பா வண்டி என்றா?

மார்ச் பதினைந்துக்குள் எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் கண்டுபிடித்துவிடுங்கள், அண்ணா.

உங்கள் அன்புத் தங்கை
ரோசரி


இயேசு மரி சூசை

தெலுக் ஆன்சன்
25 பெப்ரவரி 1927

அன்புள்ள ரோசரிக்கு,

உன் கடிதத்தை இங்கே படகுப் பட்டறையில் லாஞ்சு எஞ்சினுக்குக் கீழே படுத்துக்கொண்டு படித்தேன். கூட வேலை செய்யும் பத்துமலை எட்டிப் பார்த்து, "என்னா மச்சான், லெட்டரப் படிச்சுட்டுச் சிரிக்கிற லா. பொண்ணு பாத்துட்டாங்களா?" என்றான். வீரம்மா தள்ளட்டுமா என்று கேட்டதைச் சொன்னேன். அவனும் தோட்டத்தில் பிறந்தவன். "கேக்கும், கேக்கும். எங்கம்மாவும் கேட்டிருக்கும்" என்றான்.

பட்டறைக்காரர்கள் சிரித்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. நிறைந்த தொட்டியில் சீக்கிரம் நிற்கிறது என்றாயே, அதை நான் நாள் முழுக்க யோசித்தேன். தொட்டி கார்புரேட்டருக்கு மேலே இருக்கிறது, எண்ணெய் தன் கனத்தால் இறங்க வேண்டியது. இறங்குகிற அளவுக்குத் தொட்டியின் மேல்பக்கமாகக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் எண்ணெய் அந்தரத்தில் நின்றுவிடும். கள்ளுப் போத்தலைச் சட்டென்று கவிழ்த்தால் நின்று நின்று இறங்குகிறதே, அந்த மாதிரி. தொட்டி நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம், அதனால் சீக்கிரம் திணறும். பாதியாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். நின்றதும் உன் வீட்டுக்காரர் மூடியைத் திறக்கிறார். அங்கேயே வைத்தியம் முடிந்துவிடுகிறது. பிறகு அவர் கார்புரேட்டரைத் தட்டினாலும் ஒன்றுதான், பாட்டுப் பாடினாலும் ஒன்றுதான்.

இதை யோசித்தபோது அப்பா நினைவுக்கு வந்தார். எண்ணெய் ஊற்றி முடித்ததும் மூடியை உடனே போடமாட்டார். உதட்டில் வைத்து ஒரு ஊது ஊதி, பிறகுதான் திருகுவார். தூசி ஊதுகிறார் என்று நான் நினைத்தேன். நீ, அப்பா மூடிக்கு முத்தம் கொடுக்கிறார் என்று சொல்லி அவரைப்போலச் செய்து காட்டுவாய். அர்ச்சிஷ்ட அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் புக்கிட் மெர்த்தாஜாம் போனோமே, நீ பாதி வழி வாந்தி எடுத்து, பாதி வழி செபமாலை சொல்லி வந்த பயணம்! அன்று தைப்பிங்கில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதும் மூடியை ஊதினார். அத்தனை தூரத்தில் வண்டி ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்த மூடியில் காற்றுத் துளை இருக்கிறது, ரோசரி. அப்பா தூசியை ஊதவில்லை, துளையை ஊதியிருக்கிறார்.

அடுத்த முறை நின்றதும், யாரும் எதையும் தொட வேண்டாம். நீ மூடியை மட்டும் மெல்லத் தளர்த்தி, காதை வைத்துக் கேள். காற்றை உறிஞ்சும் சத்தம் வந்தால் நான் சொன்னது சரி.

உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உன் மாமியார் வெள்ளிக்கிழமை சந்தனம் வைக்கிறார் என்றாயே, எங்கே வைக்கிறார்? கண்ணாடிக்கு முன்னால் பளபளவென்று இருப்பது அந்த மூடி ஒன்றுதான். மூடியில்தான் என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்த வீட்டுப் பூசை உன்னை எடுத்துக்கொண்டது, அப்பா வண்டியையாவது விட்டுவைத்திருக்கலாம். மனதில் இருந்ததை எழுதிவிட்டேன். அடிக்கப் பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை.

உன் அண்ணன்
ஸ்டானிஸ்லாஸ்


இயேசு மரி சூசை

குனோங் ராபாட், ஈப்போ
7 மார்ச் 1927

அன்புள்ள அண்ணனுக்கு,

உச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்துவிட்டு இரண்டு நாள் வண்டிப் பக்கமே போகவில்லை. பிறகு, கமுந்திங்காரர் உங்கள் கோபத்துக்காகவோ என் கோபத்துக்காகவோ காத்திருக்கமாட்டார் என்று தோன்றியது. நேற்று ஞாயிறு. தொட்டி நிறைய ஊற்றிக்கொண்டு கோப்பெங் சாலையில் கிளம்பினோம். மாமி பின்னால் வெற்றிலைப் பெட்டியோடு. வழக்கமான இடம் வருமுன்பே வண்டி இரும ஆரம்பித்து, சுண்ணாம்பு மலைக்கு எதிரே நின்றது. இவர் குச்சியை எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மூடியை மெல்லத் திருகினேன். நீளமாக, ஸ்ஸென்று உள்ளே இழுத்தது. பின்னாலிருந்து மாமி, "என்ன பிள்ளை, பாம்பே சீறினது?" என்று காலைத் தூக்கிக்கொண்டார். மூடியைத் தளர்வாக விட்டு ஹேண்டிலைச் சுற்றச் சொன்னேன். கோப்பெங் போய்த் திரும்பி வீடு வரும்வரை ஒரு இடத்தில் நிற்கவில்லை. இவர் வழியெல்லாம் மூடியையே பார்த்துப் பார்த்து ஓட்டினார். வீட்டு வாசலில் இறங்கி, "அப்ப நான் தட்டினதெல்லாம்?" என்றார். "வண்டி உங்களைப் பொறுத்துக்கொண்டது" என்றேன்.

பிறகு மூடியைக் கழற்றி இளவெந்நீரில் போட்டேன். நீங்கள் சொன்னது சரி. சந்தனம்தான். ஒரு வெள்ளிக்கு மேல் ஒரு வெள்ளியாக வழிந்து காய்ந்து, மூடி முழுக்க ஓடு மாதிரி ஆகியிருந்தது. துடைத்தால் சாமிக்குக் குற்றம் என்று யாரும் துடைக்கவில்லை. அது கரைந்ததும் ஒரு துளை தெரிந்தது, ஊசி நுழையும் அளவு.

ஆனால் அண்ணா, மூடியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தால் துளை இரண்டு. ஒன்று சந்தனத்துக்குக் கீழே. மற்றது அர்ச். கிறிஸ்தோபர் பதக்கத்துக்குக் கீழே. புக்கிட் மெர்த்தாஜாமில் வாங்கி, வழிப்பயணத்துக்குக் காவல் என்று மிதவைக்குப் பூசியதில் மிஞ்சிய அரக்கை உருக்கி நீங்கள் ஒட்டினீர்களே, அந்தப் பதக்கம். துளையின் மேலேயே ஒட்டியிருக்கிறீர்கள். அன்று முதல் அப்பா ஊதியதெல்லாம் மிச்சமிருந்த ஒரு துளையைத்தான். இத்தனை வருடம் வண்டி ஒரு மூக்கால் மூச்சு விட்டு ஓடியிருக்கிறது.

மாமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துவிட்டது. "என்ரை சந்தனமே வண்டியை நிப்பாட்டினது? அந்தப் பிள்ளைத்தாச்சியை மழைக்கை நிப்பாட்டினது நானே?" என்றார். நான் இரண்டாவது துளையைக் காட்டி, இது என் அண்ணன் அடைத்தது என்றேன். பிறகு, மூடியில் ஏன் வைத்தீர்கள், முன்விளக்கில் வைத்திருக்கலாமே என்று கேட்டேன். மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"விளக்குக்கு ஏன் வைக்கிறன்? உந்தச் சாமிக்கெல்லோ வைச்சனான். ஆரெண்டு தெரியாது. பாலனைத் தோளிலை தூக்கிக்கொண்டு ஆத்தைக் கடக்கிறார். என்ரை பிள்ளையையும் நீ ஏறிப் போற வண்டியையும் அவர்தானே கொண்டு போய்க் கொண்டு வாறார். வெள்ளிக்கிழமையிலை அவரை மட்டும் சும்மா விடுறதே?"

உங்கள் பதக்கத்துக்குத்தான் அண்ணா, வாராவாரம் பொட்டு. இந்த வீட்டுப் பூசை எதை எடுத்துக்கொண்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத உட்கார்ந்தபோது மாமி கிட்ட வந்து தாளைப் பார்த்தார். "கடதாசிக்குத் தலையிலை ஒண்டும் போடாமல் எழுதுறதே? உன்ரை சாமியை எழுது, பிள்ளை. அவையும் கேக்கட்டும்" என்றார். எழுதினேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு கை நிற்காமல் எழுதினேன்.

கமுந்திங்காரருக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லி இவர் ஆள் அனுப்பிவிட்டார். மாமி உங்களுக்கும் ஒன்று சொல்லச் சொன்னார். "ஒரு ஓட்டையை உன்ரை அண்ணர் அடைச்சார், மற்றதை நான் அடைச்சன். ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனைதான் குடுக்க வேணும். ஆளைக் கூப்பிடு."

கூப்பிட்டாயிற்று. அடக்கத்தன்று நீங்கள் வருவீர்கள் என்று ஒரு இலை அதிகமாகப் போட்டிருந்தேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அன்புத் தங்கை
ரோசரி


இயேசு மரி சூசை

தெலுக் ஆன்சன்
12 மார்ச் 1927

அன்புள்ள ரோசரிக்கு,

அந்தப் பதக்கத்தைக் கழற்றாதே. உரித்தால் படம் போய்விடும். சந்தனத்தையும் நிறுத்தச் சொல்லாதே. மூடியின் ஓரத்தில், பக்கவாட்டில், புதிதாக ஒரு துளை போட்டால் போதும். மேலே யார் எதை வைத்தாலும் அது அடையாது. அதற்கு மெல்லிய துரப்பணம் வேண்டும், பட்டறையில் இருக்கிறது. நானே கொண்டுவருகிறேன். அதுவரை வாரம் ஒருமுறை எலுமிச்சை முள்ளால் துளையைக் குத்தி, ஊதிவிட்டு மூடு. எப்படி ஊதுவது என்று உனக்குத் தெரியும்.

வரும் வெள்ளிக்கிழமை லாஞ்சு வேலை இல்லை. காலை ரயில் ஏறித் தாப்பா ரோடு ஸ்டேஷனில் மாறி வருகிறேன். வெள்ளிக்கிழமையாகப் பார்த்தே லீவு கேட்டேன். தபசுகாலத்து வெள்ளி, எனக்கு மாமிசம் ஆகாது. உங்கள் வீட்டிலும் அன்று மரக்கறிதான் என்று இங்கே யாழ்ப்பாணத்தார் ஒருவர் சொன்னார். ஒரே இலையில் ஒரே சோறு. யாருக்கும் யாரும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

போன கடிதத்தில் எழுதிய அந்தக் கடைசி வரிகளைக் கத்தரித்து அடுப்பில் போட்டுவிடு. மேலே இருப்பது அப்பாவைப் பற்றியது, அதை வைத்துக்கொள்.

ஈப்போ ஸ்டேஷனுக்கு மச்சானை வண்டியோடு வரச் சொல். முன் ஆசனத்தில் மாமி உட்காரட்டும், நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன். நான் வந்து சேரும்வரை அன்றைய சந்தனத்தை வைக்க வேண்டாம் என்று மாமியிடம் சொல். துளை போட்ட பிறகு, அவர் வைக்கட்டும். எந்த இடம் என்று நான் காட்டுகிறேன்.

உன் அண்ணன்
ஸ்டானிஸ்லாஸ்